முடி உதிர்கிறதா? எண்ணெய்ப் புட்டிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள்

டெங்கி வந்து தேறி மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஒன்றும் ஆகவில்லை. வேலைக்குத் திரும்பி, பழையபடி எம்ஆர்டி பிடித்து ஓடி, சரி எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் குளியலறைச் சல்லடையில் தினமும் ஒரு கைப்பிடி முடி சுருண்டு கிடந்தது. அது 2020. அந்த ஒரே ஆண்டில் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது, அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே சல்லடையைப் பார்த்துப் பயந்திருப்பார்களோ. நான் பயத்தில் ஒரு முடி பராமரிப்பு நிலையத்தில் பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டினேன். நாலு தடவை போய் வந்தும் கொட்டுவது நிற்கவில்லை. அங்கே தலையைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள், புட்டி புட்டியாகத் தேய்த்தார்கள், ஆனால் சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டவர் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக் மருத்துவர். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் உடலில் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது.

அன்றைக்கு நான் புரிந்துகொண்டதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன். முடி மூன்று மாதம் தாமதமாகப் பேசும். இன்று கொட்டுகிற முடி இன்றைய எண்ணெயையோ நேற்றைய ஷாம்புவையோ பற்றி எதுவும் சொல்வதில்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. அதேபோல் இன்று நீங்கள் திருத்தும் சாப்பாடும் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் தலையில் தெரியும். இது தெரியாததால்தான் இரண்டு வாரம் கீரை சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடுகிறோம்.

காரணம் எளிது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே குழியில் மறுபடி முளைக்கும். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பெரிய மனக்கலக்கம் என்று உடம்புக்கு அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும், பிறகு கூட்டமாக உதிரும். உடம்புக்கு இதயமும் மூளையும் முக்கியம், முடி கடைசி. பற்றாக்குறை வந்தால் முதலில் நிறுத்தப்படுவது முடிக்குப் போகும் பங்குதான்.

ஆயுர்வேதம் இதையே வேறு மொழியில் சொல்கிறது. சாப்பாடு செரித்து ரசம், இரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு என்று ஒவ்வொரு தாதுவாக மாறிக்கொண்டே போகிறது, அதில் எலும்புத் தாது உருவாகும்போது மிஞ்சுவதே முடியும் நகமும் என்பது அதன் கணக்கு. அந்த வரிசையில் முடி எவ்வளவு பின்னால் நிற்கிறது பாருங்கள்.

முதல் படி: பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு, தலைக்குக் குளிக்கும் நாளில் இன்னும் கூடுதலாகத் தெரியும். அதற்கு மேல் போகிறது என்றால் நாட்காட்டியை எடுத்து மூன்று மாதம் பின்னால் போங்கள். காய்ச்சலா, பிள்ளை பெற்றீர்களா, சோற்றை அடியோடு நிறுத்தி எடை குறைத்தீர்களா, புது மருந்து தொடங்கினீர்களா? ஏதாவது ஒன்று அகப்பட்டால் பாதிக் கவலை அங்கேயே போய்விடும், ஏனென்றால் இந்த வகை உதிர்வு பெரும்பாலும் தானாக அடங்கும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகைதான், குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

எதுவும் அகப்படவில்லை என்றால் கிளினிக்கிலோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) இரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், சைவம் என்றால் வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். இரத்தசோகை என்று தெரிந்ததும் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்காதீர்கள். எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக் கூறு உள்ளவர்கள் நம்மிடையே உண்டு, அவர்களுக்குத் தேவையில்லாத இரும்பு கெடுதல்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டமாக வழுக்கை விழுவது (நாம் புழுவெட்டு என்போம்), தலைத்தோல் சிவந்து வலிப்பது, ஆண்களுக்கு நெற்றியும் உச்சியும் ஏறிக்கொண்டே போவது, பெண்களுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போவது இவையெல்லாம் கறிவேப்பிலையால் தீராது. பரம்பரை வழுக்கைக்கு மினாக்ஸிடில் போன்ற மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். உணவு துணை நிற்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது படி: பருப்பு உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் வீடுகளில் எல்லோரும் கீரையைத் தேடுகிறார்கள், புரதத்தை மறந்துவிடுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான கணக்கு, அறுபது கிலோ எடை என்றால் நாளைக்குச் சுமார் 48 கிராம்.

அப்போது நான் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, தண்ணீர் சாம்பார். மதியம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் தேத்தண்ணீர், பிஸ்கட். இரவு காப்பிக்கடைப் பரோட்டா இரண்டு, மேலே குழம்பு மட்டும். வயிறு நிறைந்துதான் இருந்தது, ஆனால் புரதம் முப்பது கிராம்கூடத் தேறாது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நினைப்போம், ஒரு கரண்டித் தண்ணீர் சாம்பாரில் இருப்பது ஒரு தேக்கரண்டிப் பருப்பு.

திருத்துவது கடினமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 15 கிராம் அளவில். நூறு கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி) கிட்டத்தட்ட 19 கிராம், இதை நம்மவர்கள் நிறைய பேர் வாங்குவதே இல்லை, ஆனால் எந்த ஈரச்சந்தையிலும் ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும், மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்தால் ரசச் சோற்றுக்கு அருமையாக இருக்கும். டௌ குவா என்ற கெட்டி டோஃபு வாங்கி பனீர் மாதிரியே செய்யலாம். மீன் சாப்பிடுபவர்கள் மத்தி, கானாங்கெளுத்தி வாங்குங்கள். விலை குறைவு, புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் சேர்ந்தே வரும். நெத்திலிக் கருவாட்டை மட்டும் நன்றாக அலசிவிட்டுச் செய்யுங்கள், உப்பு அதிகம்.

வெளியில் சாப்பிடும் நாளில் உணவங்காடியில் மீன் சூப் எடுங்கள், அல்லது யோங் டாவ் ஃபூ கடையில் டோஃபுவும் கீரையுமாகப் பொறுக்குங்கள், நம் கடை என்றால் பரோட்டாவுக்குப் பதில் தோசையும் இரண்டு அவித்த முட்டையும். பரோட்டா சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுங்கள், தினமும் இரவுச் சாப்பாடே அதுவாக இருக்க வேண்டாம்.

மூன்றாவது படி: கீரையும் கொய்யாவும், தேத்தண்ணீர் நேரமும்

மாதவிடாய் வரும் வயதில் பெண்களுக்கு நாளைக்குச் சுமார் 18 மி.கி. இரும்பு தேவை, ஆண்களுக்கு 8 போதும். நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து, மிச்சம் மீதியைப் போட்டுக்கொள்பவர் யார் என்று பார்த்தால் யாருக்குக் குறைகிறது என்று தெரிந்துவிடும். அம்மாமார்களே, இந்தப் படியை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போங்கள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் கிடைக்கும். தேக்கா தூரம் என்றால் பக்கத்துச் சந்தையிலேயே மலாய்ப் பெயரில் கேளுங்கள், முருங்கைக்கீரை அவர்களுக்கு டாவுன் கேலோர், வல்லாரை பெகாகா. தண்டுக்கீரையும் சிவப்புக்கீரையும் பாயாம் என்ற பெயரில் எல்லாப் பேரங்காடியிலும் உண்டு. சயூர் மானிஸ் கீரையும் நல்லதுதான், சமைத்தால். அதைப் பச்சையாகச் சாறு எடுத்துக் குடித்து 1990-களில் தைவானில் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது, ஆகவே முட்டையோடு பிரட்டிச் சாப்பிடுங்கள், சாறாக வேண்டவே வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கீரையில் இருக்கும் இரும்பு அப்படியே உடம்பில் ஒட்டாது. வைட்டமின் சி கூட இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். அதனால்தான் கீரையில் எலுமிச்சை பிழிவது அவ்வளவு பொருத்தமான பழக்கம். நெல்லிக்காய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், இங்கே எல்லாப் பழக்கடையிலும் கொய்யா இருக்கிறது. நூறு கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சில் ஐம்பது சொச்சம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு துண்டு, கடையில் தூவித் தரும் அந்தப் புளிப்புத் தூள் தொடாமல்.

இப்போது தேத்தண்ணீர். சாப்பிட்ட கையோடு தே குடிப்பது நம் ஊர்ப் பழக்கம், அதிலிருக்கும் துவர்ப்புச் சத்து கீரை, பருப்பின் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். காப்பியும் அப்படித்தான். விட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முடிந்தால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள், இல்லையென்றால் சியூ டாய் என்று சொல்லிச் சீனியையாவது குறையுங்கள். நான் இந்த ஒரு மாற்றத்தைத்தான் முதலில் செய்தேன், காசும் செலவில்லை, சமையலும் கூடவில்லை.

நான்காவது படி: எப்போது, எப்படிச் சாப்பிடுவது

ஆயுர்வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. என்ன சாப்பிட்டாய் என்பதோடு நிற்காமல் செரித்ததா என்று கேட்கும் மருத்துவம் அது. முன்னால் சாப்பிட்டது செரித்து, பசி வந்த பிறகே அடுத்தது. நாளின் பெரிய சாப்பாடு மதியம், வெயில் ஏறும்போது வயிற்றுத் தீயும் ஏறும் என்பது அதன் பார்வை. இரவு சீக்கிரம், லேசாக. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறைகிறது, ஏழரைக்குள் சாப்பிட்டுவிட்டால் போதும். வேலை முடிந்து வரவே எட்டாகிறது என்பவர்கள் ஐந்து மணிக்குச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இடியாப்பமோ கஞ்சியோ முடித்துக்கொள்ளலாம். இரவில் கீரையும் தயிரும் வேண்டாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் மதியத்துக்கே பொருந்தும்.

வயிற்றில் பாதி உணவு, கால் பகுதி தண்ணீர், கால் பகுதி காலி என்பது பழைய அளவு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்திலும் பாதியும் காலும்தான்: பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு தீட்டாத தானியம், கால் தட்டு புரதம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு சாப்பிடுவது, எதைச் சாப்பிடுவது என்ற இரண்டு கேள்வியும் தீர்ந்துவிடுகிறது.

உப்பைப் பற்றி ஆயுர்வேதம் கண்டிப்பாகப் பேசுகிறது. அளவுக்கு மீறிய உப்பு முடியை உதிர்க்கும், சீக்கிரம் நரைக்க வைக்கும் என்கிறது. நவீன மருத்துவம் உப்பை இரத்த அழுத்தத்தோடுதான் சேர்த்துப் பார்க்கிறது. எந்தக் காரணத்துக்காகக் குறைத்தாலும் நமக்கு லாபம்தான், ஏனென்றால் நாளைக்கு 2,000 மி.கி. சோடியம் போதும் என்ற இடத்தில் சிங்கப்பூரர்கள் சராசரியாக 3,600 மி.கி. அளவில் சாப்பிடுவதாக 2022 கணக்கெடுப்பு சொன்னது. சூப்பை அடிவரை குடிக்காதீர்கள், ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளுங்கள், அள்ளிக்கொள்ளாதீர்கள்.

பித்தம் கூடினால் இளநரை என்றும் சொல்வார்கள். காரம், புளிப்பு, எண்ணெயில் பொரித்தது, தூக்கம் கெடுவது எல்லாம் பித்தத்தைக் கூட்டுபவை. இராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று, வேலை முடிந்து காலையில் வந்ததும் சம்பல் போட்ட நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வேண்டாம், பாசிப்பருப்புக் கஞ்சி குடித்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் படுங்கள்.

ஐந்தாவது படி: எள்–கறிவேப்பிலைப் பொடி

தாளிப்பில் போடும் கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவதுதான் வழக்கம், பொடியாக்கினால் ஒதுக்க முடியாது. தேவை: கறுப்பு எள் 100 கிராம், கொள்ளு 50 கிராம், தோல் உளுந்து 50 கிராம், இரண்டு பெரிய கைப்பிடி கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் ஆறு, நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு.

கறிவேப்பிலையை அலசித் துணியில் பரப்பி ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் விடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது அவசியம், ஈரத்தோடு வறுத்தால் இலை கருகும், மொறுமொறுப்பு வராது. அடுப்பைச் சின்னதாக வைத்து எண்ணெயில்லாமல் ஒவ்வொன்றாக வறுங்கள். கொள்ளு சிவந்து மண்வாசனை மாதிரி ஒரு மணம் வரும். உளுந்து தோலோடு இருப்பதால் நிறம் தெரியாது, வாசனையை வைத்துத்தான் இறக்க வேண்டும். எள்ளைக் கவனமாகப் பாருங்கள், படபடவென்று பொரியும், பொரிவது குறையத் தொடங்கும்போதே தட்டில் கொட்டிவிடுங்கள், அரை நிமிடம் தாமதித்தால் பொடி முழுவதும் கசக்கும். கறிவேப்பிலையைக் கையில் கசக்கினால் சருகு மாதிரி நொறுங்க வேண்டும். கடைசியில் மிளகாயும் புளியும்.

எல்லாம் நன்றாக ஆறட்டும். எள்ளைத் தவிர மற்றதை முதலில் அரைத்துவிட்டு, எள்ளைக் கடைசியில் போட்டு விட்டுவிட்டு இரண்டு சுற்று, தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். கண்ணாடிப் புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சூடான சோற்றில் இரண்டு தேக்கரண்டிப் பொடி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். என் மகன் தோசைக்கு இதைத்தான் கேட்பான்.

வீட்டு வாசலில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கி வந்து முடியைக் கொடுத்தவள் சொல்கிறேன்.

ஆறாவது படி: எண்ணெய்

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பார்கள், வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டுபவர். எண்ணெயை நானும் நம்புகிறேன், ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்து நம்ப வேண்டும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, அதனால் முடி உடைவது குறையும். வேரில் இருந்து புதிதாக முளைக்க வைக்கும் வேலையை எண்ணெய் செய்யாது, அது தட்டின் வேலை.

காய்ச்சுவது இப்படி: அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய், அரைத்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, செம்பருத்திப் பூ ஐந்து, நெல்லி வற்றல் ஒரு பிடி, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, கரிசலாங்கண்ணிப் பொடி இரண்டு மேசைக்கரண்டி. அடி கனத்த பாத்திரம், மிகச் சின்ன தீ. முதலில் சலசலவென்று நுரைக்கும், இலையின் தண்ணீர் போகப் போக அந்தச் சத்தம் அடங்கும். அடங்கியதும் ஒரு துணித் திரியை எண்ணெயில் நனைத்து, தள்ளிப் போய்ப் பற்றவைத்துப் பாருங்கள். சடசட என்றால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, சத்தமில்லாமல் எரிந்தால் பதம். தண்ணீர் மிச்சமிருந்தால் இந்த ஊர் வெக்கையில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் தேய்த்தால் போதும். இராத்திரி முழுக்க ஊறவைத்து ஏர்கானில் படுப்பதை நிறுத்துங்கள். பொடுகு இருப்பவர்கள் தலைத்தோலில் எண்ணெயே வைக்க வேண்டாம், பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது. முதலில் மருந்தகத்தில் கீட்டோகொனசோல் ஷாம்பு வாங்கிப் பொடுகைத் தீருங்கள், அப்புறம் எண்ணெய், அதுவும் முடியின் நீளத்துக்கு மட்டும்.

சீயக்காய் போடுபவர்கள் தூளை அப்படியே தேய்க்காமல் கொதிக்க வைத்து வடிகட்டின தண்ணீரால் அலசுங்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டால் பெரிய வேலை. தலை காயும் முன் கொண்டை போடாதீர்கள்.

ஏழாவது படி: வாங்காமல் விட வேண்டியவை

பயோட்டின் மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை, அந்தச் சத்துக் குறைபாடு அரிது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற இரத்தப் பரிசோதனை முடிவுகளே தவறாக வரும், சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும்.

ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுக்கும் பெயரில்லாத லேகியம், மாத்திரை, பற்பம் எதையும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். ஈயமும் பாதரசமும் கலந்த மருந்தால் உடல் கெட்டவர்கள் உண்டு, சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய பொருள்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் வெந்தயம், வல்லாரை மாதிரி சாதாரணமாகத் தெரியும் பொடிகளைக்கூட மருந்தாகச் சாப்பிடும் முன் கேட்டுவிடுங்கள். சமையலில் சேர்ப்பது வேறு, வெறும் வயிற்றில் தினமும் கரண்டி கரண்டியாக விழுங்குவது வேறு.

எட்டாவது படி: படம் எடுத்து வையுங்கள்

தொடங்கும் நாளில், ஒரே விளக்கின் கீழே, வகிடு தெரிய ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். தினமும் சல்லடையில் எண்ணாதீர்கள், அந்த எண்ணிக்கை தூக்கத்தைத்தான் கெடுக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது, பழைய அடர்த்தி திரும்ப ஓராண்டுகூட ஆகலாம். எனக்கு நான்காவது மாதம் நெற்றியோரத்தில் அரை விரல் நீளத்துக்குக் குட்டி முடிகள் நிமிர்ந்து நின்றன, எண்ணெய் தடவினாலும் படியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அடுத்த படத்தை நீங்களும் மூன்றாவது மாத முடிவில் எடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.